இன்று எத்தனை கிலோ?

மூட்டை மாறவில்லை

25 கிலோ அரிசி மூட்டை எல்லா நாளும் 25 கிலோதான். ஆனாலும் ஒரு நாள் அது சட்டென்று தோளேறிவிடும். இன்னொரு நாள் இடுப்பைத் தாண்டவே அடம்பிடிக்கும். மூட்டை அதேதான் என்றால் மாறியிருப்பது தூக்குகிறவரின் உடல். எவ்வளவு மாறியது? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. அன்றன்றைய பலத்தை அளக்க அப்படி ஒரு கருவி யார் வீட்டிலும் இல்லை.

இந்தக் கேள்விக்குத் தினமும் விடை தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: அமெரிக்க ஹைஸ்கூல்களின் எடைப்பயிற்சிக் கூடம். அங்கே ஹைஸ்கூல் என்பது 9 முதல் 12 வரையிலான வகுப்புகள். மாணவர் வயது ஏறத்தாழ 14 முதல் 18. பள்ளி விளையாட்டு அணிகளில் ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்புகின்றன (ஒரே மாணவி ஓட்டத்திலும் கூடைப்பந்திலும் இருந்தால் இரண்டாக எண்ணும் கணக்கு இது). பல பள்ளிகளில் எடைப்பயிற்சி கால அட்டவணையிலேயே ஒரு பாடவேளை. முக்கால் மணி நேரத்தில் உடை மாற்றும் நேரம் போக அரை மணிக்குச் சற்று கூடுதலாக மிஞ்சும். அதற்குள் ஒரே ஒரு கோச், முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு, ஆளுக்குத் தக்க எடையைச் சொல்லியாக வேண்டும். கூடினால் காயம், குறைந்தால் வந்ததே வீண்.

சதவீத அட்டை

எடையை ஆளுக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் வழக்கத்தின் வேர்களில் ஒன்று மருத்துவமனையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிகாகோ ராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய டாக்டர் தாமஸ் டிலோர்ம், காயத்தால் மெலிந்துபோன வீரர்களின் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார். பத்து முறை தூக்க முடிந்து, பதினோராவது முறைக்கு இயலாமல் போகிற எடை எது என்று ஒவ்வொருவருக்கும் கண்டுபிடித்து, அதைப் படிப்படியாக ஏற்றினார். 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று.

விளையாட்டுக்கு வந்தபோது பத்து ஒன்றாகச் சுருங்கியது. ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையை ‘உச்ச எடை’ எனலாம். கூடத்தில் அதை ‘மேக்ஸ்’ என்பார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1969-இல் பாய்ட் எப்லியை வலிமைப் பயிற்சிக்கென்றே பணியில் அமர்த்திய பிறகு, மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்னாலேயே பள்ளிகளும் அந்த வழியில் வந்தன. பருவத் தொடக்கத்தில் ஒரு ‘மேக்ஸ் நாள்’. அன்று கிடைத்த எண்ணைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை: திங்கள் உச்சத்தில் 80 சதவீதம், புதன் 70, வெள்ளி 75. சுவரில் சாதனைப் பட்டியல்.

அட்டை எளிது. அது ஊசிப்போவதுதான் சிக்கல். பதினைந்து வயது உடல் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆகஸ்டில் எடுத்த உச்ச எடை அக்டோபரில் உண்மையாக இருக்காது. புதிய உச்சத்துக்காக மீண்டும் சோதித்தால் இரண்டு மூன்று பாடவேளைகள் போகும். அதோடு, நுட்பம் பழகாத பிள்ளைகள் முதுகை வளைத்து எடையோடு மல்லுக்கட்டுவது சரியாக அந்த நாளில்தான். அன்றாட ஏற்ற இறக்கம் வேறு. தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் கெட்டவனுக்கும், வெள்ளி இரவு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் மூன்று மணி நேரம் மோதிவிட்டு வந்தவனுக்கும், திங்கட்கிழமை அட்டை ஒரே 80 சதவீதத்தைத்தான் சொல்லும்.

தவளைத் தசையும் தேர் வடமும்

அன்றைய பலத்தைக் காட்டும் தடயம் தூக்கும் வேகத்தில் இருக்கிறது. எடைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைச் சீராக அளந்து காட்டியவர் பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ.வி. ஹில். தவளைத் தசைகளில் அவர் செய்த சோதனைகள் 1938-இல் வெளியாயின. சுமை ஏற ஏறத் தசை சுருங்கும் வேகம் குறைகிறது. அந்தக் குறைவு தாறுமாறாக இல்லாமல் ஒரு சீரான வளைவில் அமைகிறது என்பது அவர் கண்டறிந்த செய்தி.

காரணம் தசை நாருக்குள் இருக்கிறது. அங்கே இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்குகின்றன. மயோசின் இழையில் உள்ள நுண்ணிய தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது பழகிய காட்சி. தேர் அங்குலம் அங்குலமாக நகரும்போது அத்தனை கைகளும் வடத்தில் இருக்கும். இழுவை முழுதாகக் கிடைக்கும். வடம் வேகமாக ஓடத் தொடங்கினால் பாதிக் கைகள் பிடியை மாற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கணத்தில் இழுப்பவை மிச்சப் பாதிதான். தசையும் அப்படியே. மெதுவாக நகரும்போது அதிகபட்ச விசை, வேகமாக நகரும்போது குறைந்த விசை.

இதைத் திருப்பிப் பார்த்தால் அளவுகோல் கைக்கு வந்துவிடுகிறது. ஒருவர் தன்னால் முடிந்த முழு வேகத்தோடு தூக்குகிறார் என்றால், எடை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே அது அவருக்கு எவ்வளவு கனம் என்று காட்டும். களைத்த நாளில் அதே எடை மெதுவாக ஏறும். பலம் கூடியிருந்தால் அதே எடை விரைந்து ஏறும். தூக்கும் வேகத்தை அளந்து எடையை முடிவுசெய்யும் இந்த முறையை ‘வேகவழிப் பயிற்சி’ எனலாம்.

செவில் நகரத்து அளவீடு

வேகம் குறையும் என்பது சரி. எந்தச் சதவீதத்துக்கு எந்த வேகம்? ஸ்பெயினின் செவில் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கொன்சாலெஸ் பதியோ, சாஞ்செஸ் மெதினா இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களைத் தந்தது. பயிற்சி பெற்ற 120 இளைஞர்கள் பெஞ்ச் பிரஸ் செய்தார்கள். அதாவது பெஞ்சில் மல்லாந்து படுத்து, மார்பளவுக்கு இறக்கிய பார்பெல்லை (இரு முனையிலும் எடைப் பிளேட்டுகள் மாட்டிய கம்பி) மேலே தள்ளினார்கள். சிறு எடையில் தொடங்கி உச்சம் வரை ஒவ்வொரு தள்ளலின் வேகமும் பதிவானது.

உச்ச எடையில் 60 சதவீதம் நொடிக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறியது. 70 சதவீதம் 62, 80 சதவீதம் 47, 90 சதவீதம் 32. உச்ச எடையே ஏறியபோது வேகம் 20 சென்டிமீட்டருக்கும் கீழே. எடை 5 சதவீதம் கூடினால் வேகம் 7 முதல் 9 சென்டிமீட்டர் வரை குறைகிறது.

இதைவிட முக்கியமான செய்தி அதன் பிறகு வந்தது. அவர்களில் 56 பேர் ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு மறுபடி சோதனைக்கு வந்தார்கள். உச்ச எடை சராசரியாக 9 சதவீதத்துக்குச் சற்று மேல் உயர்ந்திருந்தது. ஆனால் 80 சதவீதத்துக்கான வேகம் கிட்டத்தட்ட அதே 47-ஆகவே நின்றது. கிலோ மாறிவிட்டது, சதவீதம் மாறவில்லை, சதவீதத்துக்குரிய வேகமும் மாறவில்லை. ஒரு முறை அட்டவணை தெரிந்துவிட்டால், மேக்ஸ் நாள் வைக்காமலே அன்றைய உச்சத்தை மதிப்பிட இது வழிவிட்டது.

ஒவ்வொரு பயிற்சிக்கும் அட்டவணை தனி. தோளில் பார்பெல்லை ஏந்தி உட்கார்ந்தெழும் ஸ்குவாட்டில் உச்ச எடைகூட நொடிக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஏறும். பெஞ்ச் பிரஸ் எண்களை ஸ்குவாட்டுக்குப் பொருத்தினால் கணக்கு கெட்டுவிடும்.

ஒரு திங்கட்கிழமை

எடுத்துக்காட்டாக, பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன். ஆகஸ்டில் அவனுடைய பெஞ்ச் பிரஸ் உச்சம் 80 கிலோ. திங்கட்கிழமைக்கு அட்டை சொல்வது 80 சதவீதம், அதாவது 64 கிலோ. அவன் நேரே 64-க்குப் போவதில்லை. உடலைச் சூடேற்ற முதலில் 48 கிலோ வைக்கிறான். அது அவனுடைய உச்சத்தில் 60 சதவீதம். நொடிக்கு 80 சென்டிமீட்டரில் ஏற வேண்டும். பார்பெல்லைத் தாங்கும் சட்டமான ரேக்கில் பொருத்திய திரை 0.71 என்று காட்டுகிறது: 71 சென்டிமீட்டர்.

71 என்பது 65 சதவீதத்துக்குரிய வேகம். ஆகவே இன்றைக்கு 48 கிலோ அவனுக்கு 65 சதவீதமாகக் கனக்கிறது. 48 கிலோ 65 சதவீதம் என்றால் நூறு சதவீதம் சுமார் 74 கிலோ. ஆகஸ்டின் 80 இன்று 74 ஆகியிருக்கிறது. அதில் 80 சதவீதம் 59 கிலோ. அட்டையை நம்பி 64 போட்டிருந்தால், அவன் தூக்கியது இன்றைய உச்சத்தில் 86 சதவீதமாக இருந்திருக்கும். ஐந்து முறை என்று எழுதியிருந்தால் கடைசி ஒன்றிரண்டுக்குப் பக்கத்தில் நிற்பவன் கைகொடுக்க வேண்டியிருந்திருக்கலாம்.

அமெரிக்கக் கூடங்களில் பிளேட்டுகள் பவுண்டில் இருக்கும். 64 கிலோவுக்கு நெருங்கியது 140 பவுண்டு. 59 கிலோவுக்கு 130. பையன் செய்ய வேண்டியதெல்லாம் பக்கத்துக்கு 5 பவுண்டு குறைவாக ஏற்றுவது. வழக்கமான சிறிய பிளேட்டே 2.5 பவுண்டு என்பதால், கணக்கில் வரும் அரைக் கிலோவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

நவம்பரில் அதே மாணவன் அதே 48 கிலோவைத் தள்ளும்போது திரை 0.87 காட்டலாம். அது 55 சதவீதத்துக்குரிய வேகம். உச்சம் இப்போது 87 கிலோ. 80 சதவீதம் என்றால் 70 கிலோ. பழைய அட்டை இன்னும் 64-லேயே நிற்கும்.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா? கைதேர்ந்த கோச் ஓரளவு சொல்வார். ஆனால் தள்ளும் தூரம் 38 சென்டிமீட்டர் என்று வைத்தால், 47 சென்டிமீட்டர் வேகத்தில் அது 0.81 நொடி, ஒரு படி கனமான 39 சென்டிமீட்டர் வேகத்தில் 0.97 நொடி. வித்தியாசம் ஆறில் ஒரு நொடி. ஒரே நேரத்தில் பத்து ரேக்குகளில் இதைப் பார்த்துச் சொல்லும் கண் எவருக்கும் வாய்க்காது.

எப்போது நிறுத்துவது

எடையைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. ஒரே மூச்சில், அதாவது ஒரு ‘செட்’டில், எத்தனை முறை தூக்குவது என்பது மறு பாதி. இதற்கு உதவும் அளவு ‘வேக இழப்பு’: முதல் தூக்கலோடு ஒப்பிட்டால் இப்போது வேகம் எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்பது. அந்த மாணவன் 59 கிலோவில் தொடங்கும்போது வேகம் 47. அடுத்தடுத்து 46, 44, 41, ஐந்தாவது 37. வேக இழப்பு 20 சதவீதத்தைத் தாண்டியது, செட் முடிந்தது. பக்கத்து ரேக்கில் இருப்பவளுக்கு அதே இழப்பு ஏழாவது தூக்கலில் வரலாம். அட்டை இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் எழுதியிருக்கும்.

ஏன் முடியும்வரை தூக்கவிடுவதில்லை என்று கேட்கலாம். 2017-இல் பரேஹா பிளாங்கோ குழுவினர் வெளியிட்ட ஸ்பெயின் ஆய்வில் ஒரு குழு ஸ்குவாட்டில் வேகம் 20 சதவீதம் குறைந்ததும் நிறுத்தியது. இன்னொரு குழு 40 சதவீதம் குறையும்வரை தொடர்ந்தது. எட்டு வாரம் கழித்து இரு குழுக்களின் ஸ்குவாட் வலிமையும் ஏறத்தாழ ஒரே அளவு கூடியிருந்தது, முதல் குழு 40 சதவீதம் குறைவாகத் தூக்கியிருந்தும். நின்ற இடத்திலிருந்து துள்ளும் உயரமோ முதல் குழுவுக்கு 9.5 சதவீதமும் இரண்டாம் குழுவுக்கு 3.5 சதவீதமும் உயர்ந்தது. தசைப் பருமன் மட்டும் 40 சதவீதக் குழுவில் கூடுதலாக வளர்ந்தது. உடம்பு பெருக வேண்டியவருக்கு ஒரு வரம்பு, துள்ளவும் ஓடவும் வேண்டியவருக்கு வேறு வரம்பு. மாலையில் மைதானப் பயிற்சியும் இரவில் வீட்டுப்பாடமும் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பொருந்துவது குறைந்த வரம்புதான்.

சதவீதத்தை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பல்கலைக்கழக அளவில் ஒரு நிகழ்வு உண்டு. 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தசை நார்கள் சிதைந்து அவற்றின் உள்பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நோய்நிலை அது. விடுமுறை முடிந்து வந்தவர்களுக்கு வைத்த பயிற்சியில், உச்சத்தில் 50 சதவீத எடையோடு 100 ஸ்குவாட்டும் இருந்தது. 50 சதவீதம் என்பது தாளில் இலகுவான எண். கருவி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பது மிகை. நூறு என்று எழுதுவது மனிதர்தான். ஆனால் வேக இழப்பை வரம்பாக வைத்த பயிற்சியில் நூறு என்ற எண்ணுக்கே இடம் வராது.

நூல், சில்லு, கேமரா

பார்பெல்லின் வேகத்தை அளக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. பழையது நூல். தரையில் வைத்த சிறு பெட்டிக்குள் ஓர் உருளை. அதில் சுற்றிய நூலின் நுனி பார்பெல்லில் கட்டப்படும். பார்பெல் ஏறும்போது நூல் வெளிவந்து உருளை சுழல்கிறது. எவ்வளவு நேரத்தில் எத்தனை சுற்று என்பதிலிருந்து வேகம் கிடைக்கிறது. பட்டம் விடும்போது நூற்கண்டு சுழல்வதைப் பார்த்தே பட்டம் போகும் வேகத்தைச் சொல்வது போன்றது இது. ஆஸ்திரேலியாவின் ஜிம்அவேர், ஸ்லோவாக்கியாவின் டெண்டோ இவ்வகையில் பெயர்பெற்றவை. துல்லியத்தில் நூலை மிஞ்சுவது கடினம். பள்ளிக்கூடத்தில் அதற்கு எதிரி பிள்ளைகளின் கால்தான்: நூல் கட்டியிருப்பதை மறந்து பார்பெல்லை எடுத்துக்கொண்டு ஒருவன் நடந்தால் போதும்.

இரண்டாவது, செல்போனில் இருப்பது போன்ற முடுக்கமானிச் சில்லு. கையிலோ பார்பெல்லிலோ பட்டையாகக் கட்டலாம், விலையும் குறைவு. ஆனால் சில்லு நேரடியாக அளப்பது வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும். அந்த மாற்றங்களைக் கூட்டிக்கூட்டித்தான் வேகத்தைக் கணக்கிட வேண்டும். சிறு பிழையும் கூடவே சேர்ந்துகொண்டு வரும்.

மூன்றாவது, ரேக்கின் உச்சியில் பொருத்தும் ஆழமறியும் கேமரா. எம்.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய பெர்ச் இதில் முன்னோடிகளில் ஒன்று. காட்சியில் பார்பெல் எங்கே இருக்கிறது என்பதை மென்பொருள் கணத்துக்குக் கணம் கண்டுபிடித்துக் கணக்கிடும். பார்பெல்லில் எதையும் கட்ட வேண்டாம், கழற்ற வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். மாணவன் ரேக்கில் உள்ள டேப்லெட்டில் தன் பெயரைத் தொட்டுவிட்டுத் தூக்கலாம். அரை மணி நேரத்துக்குள் நாற்பது பேருக்கு இந்த வசதி துல்லியத்தைவிடப் பெரிய விஷயம்.

திரையும் பதின்வயதும்

கருவி அளப்பதோடு நிற்பதில்லை, அளக்கப்படுகிறவரையும் மாற்றுகிறது. பதின்வயது விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில், ஒவ்வொரு தூக்கலுக்கும் வேகம் கண்முன் தெரிந்தபோது வேகம் சரிவது குறைந்தது. ஊக்கமும் போட்டி உணர்வும் கூடின. ஒரு பாடவேளையைக் கவனித்தாலே இது தெரியும். திரையில் 0.58 வந்ததும் பின்னால் நிற்பவன் 0.60 என்று சவால் விடுவான். அடுத்த தூக்கலில் பார்பெல் விர்ரென்று ஏறும்.

இது தற்செயலான நன்மை அன்று. முறையே இதன்மீதுதான் நிற்கிறது. முழு முயற்சியோடு தூக்கினால்தான் வேகம் கனத்தைச் சொல்லும். சோம்பலாகத் தள்ளியவனின் 0.71-ஐக் களைப்பு என்று கருவி எடுத்துக்கொள்ளும். எளிதான எடை வேண்டுமென்று வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளுகிறவனைக் கருவிக்கு அடையாளம் தெரியாது. எதிர்ப்பக்கத் திருட்டும் உண்டு. ஸ்குவாட்டில் தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்காமல் பாதியில் எழுந்தால் எண் அழகாக ஏறும். பெஞ்ச் பிரஸ்ஸில் பார்பெல்லை நெஞ்செலும்பில் மோதி எகிறவைத்தாலும் ஏறும். பார்பெல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதையும் சேர்த்துக் காட்டும் கருவிகள் உள்ளதால் பாதித் தூக்கல் பிடிபட்டுவிடும். நெஞ்சில் மோதுவதைப் பிடிக்க கோச் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

போட்டிக்கு எதை வைப்பது என்பதும் கோச்சின் முடிவு. கிலோவில் பட்டியல் போட்டால் 110 கிலோ உடம்புள்ள கால்பந்து வீரனே என்றும் முதலிடம். அவரவர் 70 சதவீதத்தை யார் வேகமாகத் தள்ளுகிறார் என்று வைத்தால், 50 கிலோ எடையுள்ள தடகள மாணவி அவனை முந்த இடம் இருக்கிறது.

பொருந்தாத இடங்கள்

செவில் எண்கள் பயிற்சி பெற்ற இளைஞர்களுடையவை. பதினாலு வயதுப் புதியவரின் கை ஒவ்வொரு தூக்கலிலும் வேறு பாதையில் போகும். அவருடைய வேகம் கூடுவதும் குறைவதும் பலத்தால்தானா பழக்கத்தால்தானா என்று பிரிக்க முடியாது. கருவியின் பிழையும் கணக்கில் சேரும்: நொடிக்கு 5 சென்டிமீட்டர் தவறினால் எடையின் சதவீதம் ஏறத்தாழ 3 புள்ளி தவறும். ஒரே ஒரு தூக்கலைப் பார்த்து பிளேட்டைக் கழற்றாமல், சூடேற்றும் எடைகளில் இரண்டு மூன்றைப் பார்த்து முடிவெடுப்பது இதற்காகத்தான்.

காசு இன்னொரு வரம்பு. அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. வசதியான ஊரில் ரேக்குக்கு ஒரு கேமரா தொங்கும், அடுத்த ஊரில் துருப்பிடித்த பிளேட் இருக்கும். பெற்றோர் சங்கங்கள் திரட்டும் நிதியில் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்வோரும் உண்டு. தகவல் பாதுகாப்பும் உண்டு: பள்ளி பராமரிக்கும் மாணவர் பதிவுகள் 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்துக்கு உட்பட்டவை, அவற்றைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு, மாணவருக்கு 18 ஆனதும் மாணவருக்கே. வேகப் பதிவுகள் நிறுவனத்தின் கணினியில் சேரும்போது அவற்றை யார் பார்க்கலாம், படிப்பு முடிந்தபின் என்ன ஆகும் என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு நூல் கருவி மட்டும் உள்ள பள்ளியிலும் முறை நடக்கும். ஒரு ரேக்கை ‘சோதனை ரேக்’ என்று ஒதுக்கி, ஒவ்வொருவரும் தன் சூடேற்றும் எடையை அங்கே இரண்டு முறை தள்ளிவிட்டு, வேகத்தைத் தன் அட்டையில் குறித்துக்கொண்டு வேறு ரேக்குக்குப் போகலாம். ஒன்பதாம் வகுப்புப் புதியவர்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அவர்கள் கூடத்தின் ஓரத்தில், தோளில் பிவிசி குழாயை வைத்துக்கொண்டு, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்தெழப் பழகிக்கொண்டிருப்பார்கள்.